அணுச் சங்கிலிகளை ஒளியால் அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சிலிக்கான் படிகத்தைக் குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டினால் கிடைக்கும் (111) என்னும் பரப்பில், வெற்றிடத்தில், ஏறக்குறைய ஓர் அணு அடுக்கு அளவுக்கு இண்டியம் என்ற உலோகத்தைப் படியவைத்துச் சூடேற்றினால், அணுக்கள் தாமாகவே வரிசை கட்டிக்கொள்ளும். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 1.33 நானோமீட்டர். அதன்மேல் விழும் சிவப்பு ஒளியின் அலைநீளமோ 600 நானோமீட்டருக்கு மேல். எனவே ஒளி தனிச் சங்கிலி எதையும் பார்ப்பதில்லை. இதை மறந்து, நிறமாலையில் எழும் ஒவ்வொரு மேட்டையும் சங்கிலியின் தலையில் கட்டுவதுதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய்.

உண்மையில் அளக்கப்படுவது ஒரு வித்தியாசம். ஒளியின் மின்புலம் சங்கிலியின் நீளவாக்கில் அதிரும்போது எவ்வளவு எதிரொளிக்கிறது, குறுக்குவாக்கில் அதிரும்போது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிறோம். உட்புறச் சிலிக்கான் கனசதுரப் படிகம். செங்குத்தாக விழும் ஒளிக்கு இரு திசையும் அதற்கு ஒன்றுதான், ஆகவே கழித்தலில் அது மறைந்துவிடும். எஞ்சுவது பரப்பு. ஆனால் இரு திசைகளின் சமநிலையைக் குலைக்கும் வேறு எதுவும் இதே வழியாக உள்ளே நுழையும்.

அதிகம் பேர் விழும் குழி, திட்டுகள். (111) பரப்புக்கு மும்மடிச் சமச்சீர் உண்டு. அதனால் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகிய மூன்று திசைகளில் திட்டுத்திட்டாக வளரலாம். மூன்றும் சம அளவில் இருந்தால் சமிக்ஞை சுழி. சங்கிலிகள் அருமையாக வளர்ந்திருக்கும், கருவி ஒன்றுமில்லை என்னும்! 80 விழுக்காடு ஒரு திசையிலும் மற்ற இரண்டில் பத்துப் பத்தும் இருந்தால், முழு மதிப்பில் 70 விழுக்காடுதான் கிடைக்கும். அந்தக் குறைவை 'இண்டியம் போதவில்லை' என்று படித்து மேலும் ஊற்றுவது வாடிக்கை. முதலில் எலக்ட்ரான் விளிம்புவிளைவுப் படத்தில் (பரப்பில் எலக்ட்ரான்களை மோதவிட்டு, அணுக்களின் ஒழுங்கைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) புள்ளிகள் ஒரு திசையில் நிற்கின்றனவா, மூன்றிலுமா என்று பாருங்கள்.

இதற்கு மருந்து, ஓரிரு டிகிரி சாய்வாக வெட்டிய சில்லு. சாய்வால் உண்டாகும் படிகள் சங்கிலிகளை ஒரே திசையில் வளரவைக்கும். மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு: படிகளும் அதே திசையில் ஓடுவதால் அவற்றுக்கும் சொந்தச் சமிக்ஞை இருக்கிறது. வெறும் சிலிக்கானின் நிறமாலையைக் கழித்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். தீராது. உலோகம் வந்தபின் படிகளும் மாறிவிடுவதால், கழிப்பது அங்கே இல்லாத ஒன்றை. இரண்டு நிறமாலைகளையும் அருகருகே காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து.

வெற்றிடக் கலத்தின் கண்ணாடிச் சாளரமும் சும்மா இருக்காது. போல்ட்டை இறுக்கும்போது கண்ணாடியில் உண்டாகும் திரிபு இரட்டை ஒளிவிலகலைத் தரும், அதாவது இரு திசைகளில் அதிரும் ஒளியைக் கண்ணாடி வெவ்வேறாக நடத்தும்; அது பரப்பின் சமிக்ஞையோடு போட்டி போடும் அளவுக்கு இருக்கலாம். மாதிரியை 90 டிகிரி திருப்பி மறுபடி அளந்தால் பரப்பின் பங்கு குறி மாறும், சாளரத்தின் பங்கு மாறாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் சாளரம் ஒழிந்தது.

குளிர்விக்கும்போது வேறு கதை. சுமார் 120 கெல்வினுக்குக் கீழே இந்தச் சங்கிலிகளின் 4×1 அமைப்பு 8×2 ஆக மாறி (பரப்பில் திரும்பத் திரும்ப வரும் அலகு, அடியிலுள்ள சிலிக்கான் அலகைப்போல் இரு திசைகளிலும் எத்தனை மடங்கு என்பதை இந்த எண்கள் சொல்கின்றன), உலோகத்தன்மையை இழக்கிறது. நிறமாலையில் 2 எலக்ட்ரான் வோல்ட் (ஒளியின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே இருந்த மேடு இரண்டாகப் பிளக்கிறது. மாதிரியைப் பிடிக்கும் தாங்கியில் பொருத்திய வெப்பமானி 110 கெல்வின் காட்டுவதாலேயே பரப்பும் 110 ஆகிவிடாது. மேலும், குளிர்ந்த பரப்பில், வெற்றிடக் கலத்தில் எஞ்சிய வாயு ஒட்டும். 10⁻¹⁰ டார் அழுத்தத்தில்கூட, மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் ஓர் அடுக்கு சேர்ந்துவிடும். நிலைமாற்றம் 'தள்ளிப்போனதாக' எழுதுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்.

கோட்பாட்டுக் கணக்கோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியே நகர்த்திப் பொருத்துவது ஏமாற்று வேலை. நகர்த்தினால் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. உலோகச் சங்கிலியின் கட்டற்ற எலக்ட்ரான்கள் தம்மைக் காட்டுவது அகச்சிவப்பில்தான். 8×2 அமைப்பில் அவை மறைந்து, 0.50, 0.72 எலக்ட்ரான் வோல்ட்டில் மேடுகள் எழுவதை 2009இல் வெளியான அளவீடு காட்டியது. அந்த அமைப்பில் அணுக்கள் அறுகோணமாக அமைகின்றன என்ற கோட்பாட்டு மாதிரிக்கு அது வலுச் சேர்த்தது. அங்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1.12 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே சிலிக்கான் ஒளியை உள்ளே விட்டுவிடும், சில்லின் பின்பக்கத்திலிருந்து திரும்பும் ஒளி கணக்கைக் கலக்கும். பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் சில்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.