மஞ்சப்பையைத் தரையில் கொட்டுங்கள்

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் 21 வருடமாக நிற்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்து (ஜூன் 12 என்பது கணக்கு, சில வருடம் தள்ளிப்போகும்) குறுவை நடவு தொடங்கிவிட்டால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில் ஒரே குரல்தான். "அக்கா, மேல்வலிக்கு ஒரு செட்டு குடுங்க." செட்டு என்றால் பெயர் தெரியாத நாலு மாத்திரை, ஒரு சின்னக் காகிதக் கவரில். நான் தருவதில்லை. "அந்தக்கா ரொம்பக் கறாரு" என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

அந்தக் கறார் சொந்த வீட்டில் செல்லவில்லை. வலங்கைமானில் இருக்கும் என் அம்மா போன வருடம் கொல்லைப்புறத்தில் தலைசுற்றி விழுந்தார். அடுப்படி ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தரையில் கொட்டினேன். 19 அட்டை, நாலு கவர், பாதி குடித்த இருமல் மருந்து இரண்டு பாட்டில். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்து பாருங்கள்.

முதலில் பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மருந்துள்ள அட்டைகளை ஒரே குவியலாகச் சேருங்கள்.

அம்மாவின் குவியலில் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து இரண்டு இடத்தில் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வந்து தரும் 5 மில்லிகிராம் ஒன்று. தனியார் கிளினிக்கில் எழுதிய, டெல்மிசார்டான் என்ற வேறொரு பிரஷர் மருந்தோடு சேர்ந்த இன்னொரு 5. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, அதனால் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். இந்த மருந்து சின்ன ரத்தக்குழாய்களைத் தளர்த்தி பிரஷரைக் குறைக்கிறது. அளவு கூடும்போது அதே தளர்ச்சியால் கணுக்காலில் நீர் கசிந்து கால் வீங்கும். அம்மாவுக்கும் வீங்கியது. வீக்கத்தைக் காட்டப் போன இன்னொரு இடத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே, சிறுநீர் பிரிய ஃபுரோசமைடு எழுதிவிட்டார்கள். அந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வந்ததில்லை, குழாய் தளர்ந்ததால் வந்தது. ஆகவே வீக்கம் போகவில்லை, உடம்பில் இருந்த நீர்தான் போனது. பிரஷர் இறங்கி ஆளும் விழுந்தாயிற்று. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இந்தப் பையை ஒருநாள் திறந்து பார்த்திருக்கலாம்.

அடுத்து, பெயரில்லாக் கவர்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு அசிடிட்டி மாத்திரை இருக்கும். சிலதில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்றும் இருக்கும். அது ஸ்டீராய்டாக இருக்கலாம், டெக்ஸாமெத்தசோனோ பிரட்னிசோலோனோ. ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை, ஆஸ்துமா முற்றினால் உயிரையே காப்பாற்றும். ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்று இதே வேலைக்கு ஒன்றைத் தினமும் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அதற்குள் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். செட்டு சாப்பிட்ட மறுநாள் 'பறக்கிற மாதிரி' இருப்பதும் இந்த ஸ்டீராய்டால்தான், பசியும் நன்றாக எடுக்கும். பல மாதமாக இப்படிச் சாப்பிட்டவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறிய வேண்டாம். சுரப்பி விழித்துக்கொள்ள நாளாகும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழ நேரும். கவரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

வலி மாத்திரைக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாது. முட்டிக்கென்று விழுங்கினாலும் ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்துத்தான் வலியை அடக்குகின்றன. வயிற்றின் உள்பூச்சைக் காப்பதும் அதுதான், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். காலையிலிருந்து குனிந்து நாற்று நட்டு, தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக் கொட்டியவர், வெறும் வயிற்றில் இதை விழுங்கினால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. முதலில் ஒரு சொம்பு நீராகாரம் குடியுங்கள். சோறு சாப்பிடுங்கள். அப்புறம் பாராசிட்டமாலில் ஆரம்பியுங்கள்.

பாராசிட்டமாலுக்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதற்கு மேல் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். சளி மாத்திரைக்குள்ளும் அதே மருந்து ஒளிந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் குடிக்கிறவருக்கு எல்லை இன்னும் கீழே. அளவு மீறினால் கல்லீரல் கெடும், முதல் நாள் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். அந்த நஞ்சை முறிக்க மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். தெரியாமல் அதிகம் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி நேரம். தைராய்டுக்குத் தரும் தைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி குறைந்தது அரை மணி கழித்து. கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது என்றாலும் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபி, டீ ஆகாது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் சஷ்டி, அமாவாசை விரதத்துக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து அது. உள்ளே சோறு போகவில்லை என்று அதற்குத் தெரியாது. வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி ஜீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். தாத்தாவின் தூக்க மாத்திரை, ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குத் தந்த டிரமடால், டேபென்டடால் அட்டை. பையன்கள் எங்களிடம் சீட்டில்லாமல் கேட்பது இவற்றைத்தான். சிலவற்றை விற்றால் வாங்குகிறவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடையில் கிடைக்காதபோது அவர்கள் கண் வீட்டு ஆணிக்குத்தான் போகும். இந்த வலி மாத்திரைகள் மூளையில் அபின் பிடித்துக்கொள்ளும் அதே இடத்தைப் பிடிக்கும். வலி மரத்து ஒரு சுகம் வரும், கூடவே மூச்சின் வேகமும் குறையும். தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம் மூளையை வேறு வழியில் மந்தமாக்குகிறது, சாராயமும் அப்படியே. இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எழுப்பினால் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டை கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பழகிவிட்ட பையனை அறையில் பூட்டி வைத்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அல்பிரசோலம் பழகியவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். எங்கள் கடைப் பையனுக்கே இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடாக இருந்தால் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நாலைந்தை வாயில் போட்டால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

அம்மாவின் டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். எது, எத்தனை மணிக்கு, எதற்கு என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கால் வீக்கம் சில வாரத்தில் வடிந்தது. மஞ்சப்பையில் இப்போது வெற்றிலை வைத்திருக்கிறார்.