பழைய ஃபியட்டில் கழற்றிய ஒரிஜினல் சாமான்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது?

பழைய வண்டியைப் பிரித்துச் சேர்த்து முடித்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது கூடவே இரண்டு சாக்கு மூட்டையும் வரும். மெக்கானிக் ஒரு வார்த்தை கேட்பார்: "சார், இதெல்லாம் உங்க பழைய சாமான். வேணாம்னா சொல்லுங்க, நானே எடைக்குப் போட்டுடறேன்." அந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடியே பதில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். என்னுடையது 1969 ஃபியட் 1100 டிலைட். ஹேண்ட் கியரை எடுத்துவிட்டு ஃப்ளோர் கியர் மாற்றியபோது ஸ்டீயரிங் ஓரத்தில் இருந்த லிவர், அதிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ராடுகள், புஷ், பிராக்கெட் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விட்டன. நாலு கிலோ இருந்திருந்தால் அதிகம். மூன்று வருஷம் கழித்து ஹேண்ட் கியரே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்தால் லிவர் ஒரு கடையில், ராடுகள் இன்னொரு கடையில், நடுவில் வரும் சின்ன பிராக்கெட் மட்டும் எங்கேயுமே இல்லை. கடைசியில் லேத்தில் கொடுத்து அடித்து வாங்கினேன். இன்றைக்கும் இரண்டாவது கியர் விழும்போது அடம்பிடிக்கிறது.

அதனால் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் செய்கிற முறையை வரிசையாகச் சொல்கிறேன். ஃபியட்டை வைத்துத்தான் சொல்கிறேன், அம்பாசடருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

படி 1: ஆயிரம் கிலோமீட்டர் வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்

புதிதாக மாட்டியது ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிவதற்கு முன்னால் பழையதைப் போடக் கூடாது, அவ்வளவுதான். புது பெட்ரோல் பம்ப் இரண்டு வாரத்தில் ஒழுக ஆரம்பிக்கும், பழைய பம்புக்கு டயாஃப்ரம் மட்டும் மாற்றினால் ஜம்மென்று ஓடும். எனக்கு நடந்திருக்கிறது.

படி 2: கழுவுங்கள், பரப்புங்கள், படம் எடுங்கள்

மண்ணெண்ணெய், பழைய பெயின்ட் பிரஷ், ஒரு தட்டு போதும். பெட்ரோலில் கழுவாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய பிரேக் ஷூ லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதவோ, கம்ப்ரஸர் காற்றில் அடிக்கவோ, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கழுவியதும் மொட்டை மாடியில் ஒரு பழைய போர்வை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். வண்டியில் எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையிலேயே வையுங்கள், அப்போதுதான் எது ஜோடி, எது அநாதை என்று கண்ணுக்குத் தெரியும். மேலிருந்து ஒரு படம், அப்புறம் எண்ணோ எழுத்தோ பொறித்த ஒவ்வொன்றையும் கிட்டத்தில் ஒரு படம்.

படி 3: மூன்று கேள்வி

நிஜமான வேலை இங்கேதான்.

முதல் கேள்வி, இது திரும்பக் கிடைக்குமா? பாகம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. பளபளவென்று இருக்கும் வீல் பேரிங் கடையில் கிடைக்கும், துருப்பிடித்த முன் கிரில் கிடைக்காது. டிலைட்தான் பிறகு 1974 வாக்கில் பத்மினி என்ற பெயருக்கு வந்தது. அதே 1089 சிசி இஞ்சினோடு 2000 வாக்கு வரை தயாரிப்பில் இருந்ததால் இஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்னும் ஓரளவு கிடைக்கின்றன. முகம்தான் மாறிக்கொண்டே வந்தது. கிரில், எம்பளம், மீட்டர், டேஷ்போர்டு சாமான்கள், ஹார்ன் ரிங் (ஹார்ன் அடிக்க ஸ்டீயரிங்கில் அழுத்தும் வளையம்) இவை அந்தந்த மாடலுக்கே உரியவை. இந்த வகையில் எது வந்தாலும், உடைந்திருந்தாலும்கூட வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஹார்ன் ரிங் இருந்தால் அளவெடுத்து ஒன்று செய்யலாம், ஒன்றுமே இல்லாவிட்டால் கற்பனையில்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, இதில் எண் இருக்கிறதா? இஞ்சின் பிளாக் விரிசல் விட்டு வேறு இஞ்சின் ஏற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும், இது தெரிந்ததுதான். பழைய பிளாக்கை என்ன செய்வது? உங்கள் வண்டியோடு பிறந்த எண் அதில் இருக்கிறது. இடம் இருந்தால் மூலையில் ஒரு பலகை போட்டு அதன் மேல் வைத்துவிடுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், ஆர்.சி. மாறிய பிறகு, யாரிடம் போகிறது என்று தெரிந்து போடுங்கள். உங்கள் பெயரில் இருந்த எண் யாரோ ஒருவருடைய வண்டிக்குள் போய் உட்கார்ந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

இதோடு சேர்ந்த விஷயம் ஒன்று. 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது: முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டுவதற்கு அது ஆகாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். அதனால் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் என்றைக்காவது அந்தப் பக்கம் போகலாம் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால்கூட, வண்டியைப் பழையபடி ஆக்கத் தேவையான எதையும் கைவிடாதீர்கள்.

மூன்றாவது, இதற்குள் பிழைக்கக்கூடிய உடம்பு இருக்கிறதா? லைனிங் தேய்ந்த பிரேக் ஷூவில் இரும்பு நன்றாக இருந்தால் மறுபடி லைனிங் ஒட்டலாம். ஒழுகும் பித்தளை ரேடியேட்டரின் மேல் டேங்கும் கீழ் டேங்கும் நன்றாக இருந்தால் நடுவில் கோர் மட்டும் மாற்றலாம் (எடைக் கடைக்காரர் ஆசையோடு பார்ப்பதும் இந்த ரேடியேட்டரைத்தான், விட்டுவிடாதீர்கள்). டைனமோவுக்குக் காயில் கட்டலாம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் டைனமோவை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டு கட்-அவுட் பெட்டியை (டைனமோவையும் பேட்டரியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் இதுதான்) தூக்கிப் போடுகிறார்கள், அது இல்லாமல் டைனமோவால் பிரயோஜனம் இல்லை, இரண்டும் ஜோடி. க்ரோம் சாமான் என்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, சுரண்டி மறுபடி முலாம் பூசலாம். ஒட்டாமல், மேலே சின்னச் சின்னக் கொப்புளமும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு, அதற்கு முலாம் பூசுவது கஷ்டம், எல்லாப் பட்டறையும் எடுக்காது. பம்பர் நசுங்கியிருந்தால்கூட நான் விடமாட்டேன். இப்போது வருகிற நகல் பம்பர்களின் தகட்டை விரலால் அழுத்தினாலே எவ்வளவு மெல்லிசு என்று தெரியும்.

மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம், வைத்தாக வேண்டும்' என்று பதில் வந்தாலே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தைரியமாகப் போட வேண்டியவை

ஹோஸ், பெல்ட், பிளக், பாயின்ட், கண்டென்சர், ஃபில்டர், பிரேக் வாஷர்கள். இவற்றைப் பத்து வருஷம் பத்திரப்படுத்தி ஒரு லாபமும் இல்லை. பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு பேரிங்கைப் போடுங்கள், எண் இருந்தால் கடையில் வாங்கலாம். கதவு பீடிங் (கதவு ஓரத்து ரப்பர்) கல்லாகிப் போயிருக்கும், ஆனால் புது பீடிங் சரியாக உட்காருகிற வரை ஒரு சாண் துண்டு வெட்டி வையுங்கள், கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அந்தத் துண்டைக் காட்டுவது சுலபம். பழைய வயரிங்கையும் எல்லா லைட்டும் எரிகிற வரை போட வேண்டாம், எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

போல்ட் நட்டு? வைத்துக்கொள்ளுங்கள். ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் மரை, அம்பாசடருக்கு இன்ச் மரை, இரண்டு வண்டியும் பார்க்கிற பட்டறையில் இவை கலந்துபோய், தப்பான போல்ட்டை முறுக்கி மரையைக் கெடுப்பது அன்றாடம் நடக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இடவாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

படி 5: வைக்கிற விதம்

சரி, வைப்பது என்று முடிவானதை ஒழுங்காக வையுங்கள். சும்மா சாக்கில் கட்டி ஷெட்டில் எறிந்தால் இரண்டு மழைக்காலத்தில் அதுவும் எடைக்குத்தான் போகும். இரும்புக்கு எண்ணெய் தடவி எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும், பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், காலியாக இருந்தாலும் ஆவி நிற்கும். கண்ணாடியைப் படுக்க வைக்காமல், இடையில் துணி கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். எதையும் தரையில் வைக்காதீர்கள், 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பேனாவில் எழுதிய சீட்டு எண்ணெயில் கரைந்துவிடும். எண்ணெய் டின்னை வெட்டி, தகட்டில் ஆணியால் குத்தி எழுதி, கட்டுக் கம்பியால் கட்டிவிடுங்கள். மாடல், வருஷம், இடப்பக்கமா வலப்பக்கமா, எப்போது கழற்றியது, இவ்வளவு போதும்.

படி 6: இரண்டு இருந்தால்

ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை அதே வண்டி வைத்திருக்கிற ஒருவருக்குக் கொடுங்கள், முடிந்தால் மாற்றுக்கு மாற்று. எனக்கு மீட்டர் வந்தது அப்படித்தான், இரண்டு டெயில் லாம்ப் கண்ணாடிக்குப் பதிலாக. வண்டியையே விற்கும் நாள் வந்தால் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். பாகப் பட்டியலை ஆர்.சி. நகலோடு ஒரே ஃபைலில் வைத்திருந்தால் வாங்குகிறவரிடம் விலை பேசவும் உதவும்.

என் பரணில் இப்போது மூன்று பெட்டி இருக்கிறது. லேத்தில் செய்த பிராக்கெட்டின் அளவை வரைந்து அதில் ஒன்றில் வைத்திருக்கிறேன். யாரிடமாவது டிலைட் ஹேண்ட் கியரின் அசல் பிராக்கெட் சும்மா கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், மாற்றாகக் கொடுக்க என்னிடம் ஒரு நல்ல டைனமோ இருக்கிறது, கட்-அவுட்டோடு.