தோப்பில் ஒரு சின்னக் கல்யாணம்: கையிருப்புக்குள் முடிக்கும் வழி

மண்டபம் பிடிக்காமல், மதுரைப் பக்கம் ஒரு தோப்பில் நூற்றுச் சொச்சம் பேரோடு கல்யாணத்தை முடிக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும், நிறைவாகவே முடியும். ஆனால் மண்டபத்தில் நம் கண்ணில் படாமல் நடக்கும் வேலைகள் எல்லாம் இங்கே நம் தலையில் வரும். நிழல், தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு ஆகிய நான்கிலும் காசைக் குறைக்காதீர்கள். மேடை அலங்காரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம்.

முதலில் ஆள் கணக்கு

ஒரு தாளில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரித்துப் பெயர்களை எழுதுங்கள். நம் பக்கம் ஒரு பங்காளிக்குப் பத்திரிகை வைத்தால் மற்ற பங்காளிகளுக்கும் வைத்தாக வேண்டும். அதனால் ஆள் ஆளாகக் கழிக்கப் பார்க்காமல், தலைக்கட்டாகக் கழியுங்கள். அப்பா, அம்மாவின் உடன்பிறந்தார் குடும்பங்கள் வரை என்று கோடு போட்டால் இரண்டு வீட்டுக்கும் அதே கோடுதான். அதற்கு அப்பால் இருக்கும் சொந்தங்களிடம் கல்யாணத்துக்கு முன்பே நேரில் போய், "வீட்டளவில் வைத்துக்கொள்கிறோம், மறுவாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஆசீர்வாதம் வாங்குகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாய் வழியாகத் தெரியவரும்போதுதான் மனஸ்தாபம் வருகிறது.

அப்புறம் பணம். நகை, துணி நீங்கலாக 120 பேருக்கு 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான் பிரிப்பது இப்படி: சாப்பாட்டுக்கு 80,000, பந்தல், நாற்காலி, கரண்ட், தண்ணீர், கழிப்பறைக்கு 60,000, பூ, மேடை, மேளத்துக்கு 30,000, போட்டோ, பத்திரிகைக்கு 15,000. மிச்சம் 15,000 கையில் இருக்கட்டும். ரேட் ஊருக்கு ஊர் மாறும், இந்தப் பங்கீட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மொய் வரவை நம்பி ஒரு ரூபாயும் எழுதாதீர்கள். சின்னக் கல்யாணத்தில் மொய் நோட்டும் சின்னதுதான்.

மாதமும் நாளும்

தோப்புக் கல்யாணத்துக்கு என் விருப்பம் மாசி. பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மழையும் அபூர்வம். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆவணியில் சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். சித்திரையில் ஊரே திருவிழாக் கூட்டமாக இருக்கும், அதன் கடைசியிலேயே அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால் தேய்பிறை முகூர்த்தம் எடுங்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் பந்தல்காரர், சமையல் மாஸ்டர், மேளக்காரர் எல்லாரும் இரண்டு மூன்று இடத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குப் பேரம் பேச இடமே இருக்காது.

தோப்பைப் பார்ப்பது

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் தென்னந்தோப்புகள் நிறைய உண்டு. அழகர்கோவில், நத்தம் பக்கம் போனால் மாந்தோப்பு. எதுவானாலும் முகூர்த்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். மணமக்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். கிழக்குப் பக்கம் அடர்ந்த மரம் இருக்கும் இடமாக மணவறையை வையுங்கள், அல்லது அந்தப் பக்கம் ஒரு துணித் தட்டி கட்டச் சொல்லுங்கள். வேன் உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா, மோட்டாரில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

தென்னந்தோப்பு என்றால் ஒரு வேலையை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. பந்தல் போடும் முன் மரமேறுபவரைக் கூப்பிட்டு, பந்தல், நடைவழி, வண்டி நிற்கும் இடம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள மரங்களில் முற்றிய காயை இறக்கி, காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் வெட்டிப்போடச் சொல்லுங்கள். அவர் இறங்கிய பிறகு நீங்களும் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பாருங்கள். பழுத்துத் தொங்கும் மட்டை ஒன்று மிஞ்சியிருந்தாலும் காற்றடித்தால் அதுதான் முதலில் விழும், கீழே குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இறக்கிய காய் சமையலுக்கும் தாம்பூலப் பைக்கும் ஆகும். தோப்புக்காரரிடம் முன்னமே விலை பேசிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே அந்தப் பகுதிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தச் சொல்லவேண்டும். ஈர மண்ணில் நாற்காலிக் கால் புதையும், பட்டுச்சேலைக் கரை சேறாகும்.

பந்தல், கரண்ட், கழிப்பறை

கீற்றுப் பந்தல் குளுமையானது. மழை பயம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தலை மட்டுமாவது தகரத்தில் போடுங்கள். கீற்று நெருப்புக்கு அஞ்சும், அதனால் சமையல் கொட்டகை தள்ளி, காற்று பந்தலை நோக்கி வராத பக்கம் இருக்கட்டும். ஹோமம் வளர்ப்பதானால் மணவறைக்கு மேல் கீற்று வேண்டாம். தோப்பின் மோட்டார் இணைப்பில் சீரியல் லைட்டை மாட்டாமல் ஜெனரேட்டர் பிடியுங்கள். நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது, 120 பேருக்கு ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று என்று வையுங்கள். பாட்டிமார் பாதிப்பேர் வெளியூர்க் கல்யாணத்துக்கு வரத் தயங்குவதே இதற்காகத்தான்.

சாப்பாடு

காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு, இரண்டு போதும். மாஸ்டரிடம் இரண்டு விதமாகப் பேசலாம். இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக விட்டால் அலைச்சல் இல்லை. கூலி மட்டும் பேசி, அவர் தரும் லிஸ்ட்டை வைத்து கீழமாசி வீதியில் நீங்களே பலசரக்கு வாங்கினால் செலவு குறையும், ஆனால் பொறுப்பான ஆள் ஒருவர் இரண்டு நாள் அதற்கென்றே இருக்க வேண்டும். ஆள் இருந்தால் இரண்டாவதையே சொல்வேன்.

மதியத்துக்கு ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி, 120 பேருக்கு 12 முதல் 15 கிலோ. இரண்டு வேளைக்கும் சேர்த்து 300 இலை சொல்லுங்கள், கிழிசல் போகச் சரியாக இருக்கும். ஒரு பந்திக்கு 40 பேர் என்றால் மூன்று பந்தியில் முடிந்துவிடும். குடிக்க 20 லிட்டர் கேன் 15 வேண்டும், கை கழுவத் தனியாக டிரம் வையுங்கள். பரிமாற நம் வீட்டுப் பையன்கள் வேண்டும். மாமனும் மச்சானும் வாளியைத் தூக்கிக்கொண்டு "இன்னும் கொஞ்சம்" என்று இலைக்கு இலை நிற்பதுதான் சின்னக் கல்யாணத்தின் அழகு.

பூ

மல்லிகை விலை தையில் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏற ஏற இறங்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் மொட்டாக வாங்கிக் கட்டக் கொடுங்கள். மல்லிகை தலைக்கும் மாலைக்கும் மட்டும் போதும். மணவறைக்குக் குருத்தோலைத் தோரணம், மாவிலை, குலையோடு வாழைமரம், கொஞ்சம் செவ்வந்தி. பாதி தோப்பிலேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, காகிதங்கள்

மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். முதல் நாள் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்யவேண்டும். மண்டப ரசீதோ கோயில் ரசீதோ உங்களிடம் இருக்காது, ஆகவே பத்திரிகையில் தோப்பு இருக்கும் ஊர், வட்டம் எல்லாம் முழுமையாக அச்சாகட்டும். அதில் நாலு பிரதியும் தாலி கட்டும் போட்டோவும் ஒரு கவரில் போட்டு வைத்து, 90 நாளுக்குள் அந்தப் பகுதிக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.