சுருதிப் பெட்டிக்கு வால்யூம் வைக்கும்போது எங்கே தவறுகிறது

நெல்லை டவுனின் வளவு வீடுகளில் ஒரு சுவர்தான் இடைவெளி. விடியற்காலையில் பாட்டுப் பழகும் பிள்ளைக்கு 555 என்ற டைமர் ஐசியில் சுருதிப் பெட்டி செய்து கொடுத்தால், அடுத்த வீட்டுக் கைக்குழந்தையையும் நினைக்க வேண்டும். 555 தருவது சதுர அலை, காதைக் குத்தும். ஆக வால்யூம் கன்ட்ரோல் கட்டாயம். அது மூன்று கால் உள்ள சின்ன சாமான்தான், ஆனால் சர்க்யூட்டில் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலரும் 10 கிலோ ஓம் கன்ட்ரோலை ஸ்பீக்கர் ஒயரிலேயே தொடராகப் போட்டுவிடுகிறார்கள். ஸ்பீக்கரோ வெறும் 8 ஓம். குமிழைக் கொஞ்சம் அசைத்ததும் நூறு ஓம் சேர்ந்து சத்தம் படுத்துவிடும். மீதிச் சுற்றில் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் கன்ட்ரோலுக்குள் இருக்கும் கரித்தடத்தின் ஒரு முனை வழியே ஓடுவதால் அந்த இடம் கருகவும் செய்யும். தண்ணீரை மடையில்தான் மட்டுப்படுத்துவோம், வயலில் பாய்ந்த பிறகு அல்ல. சத்தத்தையும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும்.

555-இன் 3ஆம் காலில்தான் அலை வெளியே வருகிறது. அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து அதே 10 கிலோ ஓம் கன்ட்ரோலின் ஓரக்கால். இன்னொரு ஓரக்கால் கிரவுண்டுக்கு. நடுக்கால் ஆம்ப்ளிஃபயரான எல்எம்386 ஐசியின் 3ஆம் காலுக்கு. அதன் 2ஆம் கால் கிரவுண்டில். கெப்பாசிட்டரை விட்டால் டிசி (நேர் மின்னோட்டம்) உள்ளே வந்து குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும்.

220 கிலோ ஓமை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரியில் 555 தரும் அலை 7 வோல்ட்டுக்கு மேல் வரும். எல்எம்386-இன் உள்ளீட்டு உச்ச வரம்போ 0.4 வோல்ட், அதையும் அது 20 மடங்கு பெருக்கும். இந்த ரெசிஸ்டர் இருந்தால் கன்ட்ரோலுக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு வோல்ட்தான்.

இதைவிட வருத்தமான தவறு ஒன்று உண்டு. 555-இன் சுருதியைத் தீர்மானிக்கும் டைமிங் ரெசிஸ்டர் இருக்கும் இடத்திலோ அதன் 5ஆம் காலிலோ கன்ட்ரோலை வைப்பது. அங்கே வைத்தால் சத்தம் குறையாது, சுருதிதான் நகரும். அதோடு சேர்ந்து பாடும் பிள்ளையின் காது தவறான இடத்தில் பழகிவிடும். சுருதியைச் சேர்க்கத் தனியாக ஒரு ப்ரிசெட் (திருப்புளியால் திருப்பும் சின்ன கன்ட்ரோல்) வையுங்கள். ஒருமுறை சரி செய்தபின் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்தால் ஓரக்கால்கள் இரண்டையும் மாற்றிப் பற்றவையுங்கள், அவ்வளவுதான். கையை வைத்ததும் இரைச்சல் கேட்டால் கன்ட்ரோலின் உலோக உடம்பைக் கிரவுண்டில் சேருங்கள்.

ஜங்ஷனில் வாங்கும்போது மேலே உள்ள எழுத்தைப் பாருங்கள். இப்போது வரும் கன்ட்ரோல்களில் பெரும்பாலும் ‘ஏ’ என்றால் லாக் (மடக்கை வகை), ‘பி’ என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்கு நேராகத் தடை மாறும் வகை). லீனியரைப் பாதிக்குத் திருப்பினாலும் காதுக்குக் கொஞ்சம்தான் குறைந்ததாகத் தோன்றும், கடைசியில் சட்டென்று அடங்கிவிடும். லாக் வகையில் சத்தம் காதுக்குச் சீராகக் குறையும். கடையில் அது இல்லையென்றால் அடுத்த கடையில் கேட்டுப் பாருங்கள்.