டிக்கியில் தேங்கிய மழைநீர்: என் அனுபவம்

மொரிசியசின் நடுப் பீடபூமியிலுள்ள கியூர்பிப்பில் ஆண்டு முழுவதும் மழை பெய்வதால், என் காரின் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஓயாமல் நிரம்பிக்கொண்டிருந்தது. நீர் தேங்கும் இடமும் அது நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தகர மடிப்புகளைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு வழிந்த பிறகே அது பள்ளத்தை அடைகிறது. ஆகவே, முதல் வேலையாகக் கதவு ரப்பரை மாற்றச் சொன்ன பட்டறைக்காரரின் யோசனையை ஒதுக்கிவிட்டு, விரிப்பையும் பக்கத் தடுப்புகளையும் கழற்றி, உட்புறத்தை நன்கு உலர்த்தி, இணைப்புகள்தோறும் முகப்பவுடரைத் தூவினேன்.

பின் இருக்கையை மடக்கித் தம்பி டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள, நான் வெளியிலிருந்து மெல்லிய நீர்த்தாரையைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாகக் காட்டினேன்; மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, குறை எங்கே என்பது தெரியாமற்போகும். இடது பின்விளக்கின் அடியில் பவுடர் கோடாகக் கரைந்தது. விளக்கைக் கழற்றியபோது, அதன் நுரை வாஷர் நசுங்கி இறுகியிருந்தது.

பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) இடைவெளியின்றி ஒட்டி, நட்டுகளை மாறிமாறி அளவாக முடுக்கினேன். புளிப்பு மணம் வீசும் சிலிகோன் பசையை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது உலரும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். பள்ளத்தில் ஏற்கெனவே படர்ந்திருந்த துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமர் பூசிக் காய்ந்த பின்னரே விரிப்பைத் திரும்பப் போட்டேன்.