எரர் காயின்: பழைய பெயர்களும் தப்பான நம்பிக்கைகளும்

நாணயச்சாலையிலேயே பிழையோடு வந்த காசுதான் எரர் காயின். காசில் ஏதோ வித்தியாசம் தெரிந்தால் முதலில் பெயர் தேடாதீர்கள். கோளாறு எந்தக் கட்டத்தில் நடந்தது என்று தேடுங்கள். அச்சடிக்காத வெறும் வில்லை, அதில் உருவத்தைப் பதிக்கும் அச்சான டை, அடிபடும் நொடி: நாணயச்சாலைக்குள் பிழை நுழைய இந்த மூன்று வழிகள்தான். எதிலும் பொருந்தாதது பெரும்பாலும் வெளியே வந்தபின் பட்ட அடி. பழைய பெயர்களில் பல இந்தக் கேள்வியைக் கேட்காமல், கண்ணுக்குத் தெரிந்ததை வைத்தே சூட்டியவை.

பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சின்னக் காந்தம், ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் தரும் விளக்கு போதும். கூடவே அதே ஆண்டு, அதே மதிப்புள்ள நல்ல காசு ஒன்று. ஒப்பிடக் காசில்லாமல் முடிவு சொல்வது வெறும் ஊகம்.

அதிகமான குழப்பம் இரட்டை எழுத்தில். அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட்டை இன்றும் சிலர் ‘டபுள் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். அந்தக் காசு ஒருமுறைதான் அடிபட்டது. டையைத் தயாரிக்கும்போது மூல அச்சான ஹப்பை அதில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தினார்கள். நடுவில் கோணம் விலகியதால் டையிலேயே எழுத்து இரட்டையாகப் பதிந்தது. இதுதான் டபுள்டு டை. அந்த டையில் அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு அப்படியே இருக்கும். டபுள் ஸ்ட்ரைக் என்பது ஒரே காசு இரண்டு தடவை அடிபடுவது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது, முதல் அடியின் உருவமும் நசுங்கிப் போயிருக்கும்.

இரண்டுமில்லாத மூன்றாவதுதான் சந்தையில் குவிந்து கிடக்கிறது: மெஷின் டபுளிங். டை தளர்ந்திருந்தால், அடித்து முடித்த கணத்தில் லேசாக நகர்ந்து எழுத்தின் ஓரத்தைத் தட்டிவிடும். காசைச் சாய்த்து, எழுத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். தட்டையாக, தாழ்வாக, பளபளவென்று ஒரு படி தெரிந்து, எழுத்தும் மெலிந்திருந்தால் அது மெஷின் டபுளிங். உண்மையான டபுள்டு டையில் இரண்டு உருவமும் உருண்டு மேடாக நிற்கும். எழுத்து தடித்து, அதன் நுனி பிளந்து பள்ளம் விட்டிருக்கும். விளிம்பை நோக்கி எழுத்து ஊதி மங்கலாகத் தெரிந்தால் டை தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். 1955-லேயே அப்படித் தேய்ந்த டையில் வந்த காசை ‘ஏழைகளின் டபுள்டு டை’ என்று விற்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஓரத்தில் ஒரு துண்டு குறைந்திருக்கும் ‘கிளிப்’ காசை யாரும் வெட்டவில்லை. வில்லைகளை வெட்டியெடுக்கும் உலோகப் பட்டை போதிய தூரம் நகராததால், துளைப்பான் ஏற்கெனவே வெட்டிய துளையின் மேலேயே மறுபடி இறங்கிவிடுகிறது. வளைந்த கிளிப்புக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கிறதா பாருங்கள். இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். எல்லா நல்ல கிளிப்பிலும் இது தெரியாது. ஆனால் வெட்டின் அருகே எழுத்து இழுபட்டு மெலியாமல், அரம் போட்டதுபோல் திடீரென்று அறுந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கோடுகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. டையில் விழுந்த விரிசல் காசில் மேடாகத்தான் வரும். விளிம்போடு சேர்த்து டை உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் உருவமில்லாத திட்டு நிற்கும், அதுதான் ‘கட்’ (cud; வெட்டு என்ற cut அல்ல). பள்ளமான கோடு, அதன் இருபுறமும் உலோகம் ஒதுங்கியிருந்தால், வெறும் கீறல். எழுத்து காணாமல் போனது பெரும்பாலும் டையில் அடைத்த கிரீஸால், அதிசயமில்லை.

பிராக்கேஜ் என்றால் முன்பு அடித்த காசு டையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் உருவத்தைக் குழிவாக, இடம்வலம் மாறிப் பதிப்பது. இரண்டு காசை வைஸ் என்ற இறுக்கும் கருவியில் வைத்து இறுக்கினாலும் குழிந்த, இடம்வலம் மாறிய எழுத்து விழும். ஆனால் அந்தப் பக்கத்தின் சொந்த உருவமும் நசுங்கிய நிலையில் கூடவே தெரியும். இரண்டு பக்கமும் தலை உள்ள காசில் விளிம்பின் உட்புறத்தை லென்ஸில் சுற்றிப் பாருங்கள், மெல்லிய இணைப்புக்கோடு இருந்தால் அது இரண்டு காசை இணைத்துச் செய்த மேஜிக் காசு.

அமெரிக்காவின் 1943 சென்ட் எஃகில் அடித்தது; அதில் செப்புச் சென்ட் என்று ஒன்று வந்தால் முதலில் காந்தம். ஒட்டினால் செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் அவசரப்படாதீர்கள்: 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியவை ஏராளம், எடையும் சரியாக 3.11 கிராம் காட்டும். அதனால் அந்த 3-ஐ உண்மையான 1943 எஃகுச் சென்ட்டின் 3-ஓடு வைத்து வடிவம் பாருங்கள்.