எலிக்குப் பலித்த வைட்டமின் சி: கர்ப்பிணிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்ளோபாஸ்பமைடு, புற்றுநோய்க்கும் உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கும் கொடுக்கப்படும் மருந்து. சினையான சுண்டெலிக்கு இதைச் செலுத்தினால் குட்டிகளுக்குப் பிளவுபட்ட அண்ணம், விரல் கோளாறுகள் போன்ற பிறவிக் குறைகள் வரும். கூடவே வைட்டமின் சி கொடுத்த சில சோதனைகளில் இந்தப் பாதிப்பு குறைந்தது. ஆய்வில் தவறில்லை. அதைப் படித்துவிட்டு, "அப்போ மருந்து சாப்பிடும் கர்ப்பிணி இதையும் போட்டுக்கொண்டால் போதுமே" என்று முடிவு கட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சுண்டெலியின் கல்லீரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அதைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணு எப்போதோ செயலிழந்துவிட்டது. உணவில் வந்தால்தான் உண்டு. நாம் அதிகமாக விழுங்கினாலும் உடல் அதே அளவில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கிராமுக்கு மேல் போனால் அதில் பாதியைவிடக் குறைவாகவே குடல் உறிஞ்சுகிறது, மிச்சம் வீணாகிறது. ஆகவே எலியின் ரத்தத்தில் நடந்தது நம் ரத்தத்திலும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விலங்கை நம்பி ஏமாந்த வரலாறு தாலிடோமைடுக்கு உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் பரவலாகக் கொடுக்கப்பட்டது. கை கால் வளராமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. சுண்டெலிக் குட்டிகளுக்கு அந்தக் குறை வருவதில்லை, முயலுக்கு வருகிறது. 1999-இல் டொராண்டோ ஆய்வாளர்கள், எளிதில் வினைபுரியும் வகை ஆக்சிஜன் மூலக்கூறுகளால் வரும் சேதத்தைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து முயல் குட்டிகளைப் பெருமளவு காப்பாற்றினார்கள். அது வைட்டமின் சி அல்ல. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தாலிடோமைடு செரிப்ளான் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். சுண்டெலியின் செரிப்ளான் மனிதருடையதிலிருந்து சற்றே வேறுபடுகிறது. எலி தப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே மருந்து பல வழிகளில் கருவைத் தாக்கும்போது, ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அளவுக் கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே 60 கிலோ பெண்ணுக்குப் பெருக்கினால் 30 கிராம் வரும். அப்படிப் பெருக்கவே கூடாது. உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் சுமார் இரண்டரை கிராம்தான். அதுவும்கூட அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்ச வரம்பான 2 கிராமைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் நேரம். சோதனைக்கூடத்தில் சினையின் எந்த நாள் என்று துல்லியமாகத் தெரியும். மனிதக் கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் மாதவிடாய் தள்ளிப்போனதே தெரியவரும்.

"வைட்டமின்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாகக் கூடும் நோய்) அபாயம் உள்ள கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் அதனுடன் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: நோய் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறந்தார்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகச் சாப்பிடலாம்; பெரிய அளவு மாத்திரை வேறு விஷயம்.

ஃபோலிக் அமிலத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நரம்புக் குழாய்க் குறையுடன் ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்களிடம் அது மீண்டும் வருவதை ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் குறைத்ததை 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது மனிதர்களிடமே கிடைத்த சான்று.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பத்தில் அது நூற்றில் சுமார் பத்துக் குழந்தைகளுக்குப் பெரிய குறைகளை உண்டாக்குகிறது. வைட்டமின் சியை நம்பி அதைத் தொடர்வதும் தவறு, பயந்துபோய் திடீரென நிறுத்துவதும் தவறு. நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்தாகலாம். குழந்தைக்குத் திட்டமிடுவதற்குப் பல மாதங்கள் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய், லாமோட்ரிஜின், லெவிடிராசிட்டம் போன்ற வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.